பூஜ்யம் படுத்தும் பாடு

கிடங்கில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளும் நடந்து போகும் ஆட்களும் எங்கெங்கே மோதலை ஒட்டி வந்து தப்பினார்கள் என்று கேமராப் பதிவுகளிலிருந்து கண்டுபிடிப்பது எங்கள் குழுவின் வேலை. கேமரா தருவதெல்லாம் எண்கள். பாதுகாப்பு அதிகாரி கேட்பதோ, "வண்டி ஆளை நெருங்கியதா, அவர் விலகினாரா?" என்பதுதான்.

இதற்கென்றே ஒரு கணக்குமுறை இருக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் நிக்கோ வான் டி வெகே 2004இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் வகுத்தது. முதல் பொருள் இரண்டாவதை நோக்கி வந்தால் கழித்தல் குறி, விலகினால் கூட்டல், இரண்டும் இல்லையென்றால் பூஜ்யம். இரண்டாவதற்கும் இப்படியே ஒரு குறி. மொத்தம் 9 நிலைகள், அவ்வளவுதான். ஒரு வண்டி இன்னொன்றை முந்துவது கழித்தல்–கூட்டல் என்று தொடங்கி, இரண்டும் இணையாக வரும் கணத்தில் பூஜ்யம்–பூஜ்யம் ஆகி, கூட்டல்–கழித்தல் என்று முடியும். ஆன்சர் செட் புரோகிராமிங்கில் (விதிகளை எழுதிக் கொடுத்தால் விடையைக் கணினியே தேடித் தரும் தர்க்க நிரலாக்க முறை) இதைச் சில விதிகளில் எழுதிவிடலாம். இன்னொரு தர்க்க நிரலாக்க மொழியான புரோலாக்கிலும் முடியும், ஆனால் விதிகளின் வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதும் சுகம் அதில் இல்லை.

சிக்கல் முழுவதும் பூஜ்யத்தில்தான். முந்தும் கணத்தில் இரு வண்டிகளும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றின் ஓட்டம் மற்றதை நோக்கியும் இல்லை, விட்டு விலகியும் இல்லை என்பதால் பூஜ்யம். ஓரமாக அணைத்து நிறுத்திய வண்டிக்கும் அதே பூஜ்யம். இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு இடப்பக்கமாக நகர்கிறதா வலப்பக்கமாக நகர்கிறதா என்ற குறிகளையும் சேர்க்க வேண்டும்; 9 நிலைகள் 81 ஆகிவிடும். நின்ற வண்டிக்குப் பக்கக் குறியும் பூஜ்யமாகவே இருக்கும், ஓடுவதற்கு இருக்காது.

அடுத்தது தொடர்ச்சி. கழித்தலிலிருந்து கூட்டலுக்கு நேராகத் தாவ முடியாது, நடுவில் பூஜ்யத்தைத் தொட்டாக வேண்டும். இதை ஒரு தடைவிதியாக எழுதி உண்மையான பதிவுகளைக் கொடுத்தால், விதிகளுக்குப் பொருந்தும் விடையைத் தேடும் நிரலான தீர்ப்பான் சட்டென்று 'விடையே இல்லை' என்கிறது. கேமரா எடுக்கும் இரண்டு படங்களுக்கு நடுவில் பூஜ்யம் வந்து போய்விடுகிறது, வேறொன்றும் இல்லை. இடம், காலம், அசைவு பற்றிய தர்க்கத்தை ஆராய்ந்த ஆன்டனி கால்ட்டன் காட்டியபடி, பூஜ்யம் ஒரே கணம் மட்டும் நிலைக்கலாம். கூட்டலும் கழித்தலும் சிறிது நேரமாவது நீடிக்க வேண்டும். ஆகவே படங்களுக்கு இடையே ஒரு கணத்தைத் தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளத் தீர்ப்பானுக்கு அனுமதி தந்தோம். ஒட்டுப்போட்ட வேலைபோலத் தோன்றினாலும் கணக்குக்கு இதுவே நியாயம்.

பதிவின் நடுக்கத்துக்கு அப்படி நியாயமான மருந்து கிடையாது. அசையாமல் நிற்கும் ஆள் குறிகளில் நடனமாடுவார். சிறு அசைவுகளைப் பூஜ்யமாக்கும் வரம்பைக் கூட்டினால் நடனம் நிற்கும்; கூடவே, மெதுவாகப் பின்னோக்கி வரும் வண்டியும் நின்றதாகிவிடும். அதுதானே நாங்கள் பிடிக்க வேண்டிய வண்டி! வரம்பை எங்கே வைப்பது என்று தர்க்கம் சொல்லாது, நாங்கள்தான் பதிவுகளைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்கிறோம்.

அலமாரிக்குப் பின்னால் மறையும் ஆள் விஷயம் இன்னும் ஆபத்தானது. 'நகர்ந்ததாகத் தகவல் இல்லை, ஆகவே நகரவில்லை' என்று முடிவுகட்டுவது தர்க்க நிரலாக்கத்தின் பிறவிக்குணம். தர்க்க நிரலாக்க ஆய்வாளர்கள் கெல்ஃபாண்டும் லிஃப்ஷிட்ஸும் 1991இல் சேர்த்த இரண்டாவது வகை மறுப்பு இங்கே கைகொடுத்தது: 'நகரவில்லை என்று தெரியும்' என்பது தனி, 'தெரியாது' என்பது தனி. இப்போது அறிக்கையில் 'தெரியாது' என்று வரும் இடங்களையெல்லாம் பாதுகாப்பு அதிகாரியே பதிவை ஓட்டிப் பார்க்கிறார். அலுத்துக்கொண்டேதான் பார்க்கிறார்.