மைக்ரேனுக்கு விஏ ரேட்டிங் வாங்கிய அனுபவம்

அமெரிக்க ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலிக்காக விஏ-விடம் (அந்நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறை) டிஸ்எபிலிட்டி கிளெய்ம், அதாவது உடல் பாதிப்புக்கான உதவித்தொகை மனு, போடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. வலி எவ்வளவு கொடுமை என்று பார்த்து ரேட்டிங், அதாவது பாதிப்புச் சதவீதம், போடுவதில்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை ஆளைப் படுக்கையில் தள்ளுகிறது, அதனால் வேலை எவ்வளவு கெடுகிறது, இதுதான் கணக்கு.

தேவைப்படும் மொழி தெரிந்த வெளிநாட்டவரை அமெரிக்க ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தில் சேர்ந்தவன் நான். அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. பயிற்சியில் தலையில் அடிபட்ட பிறகுதான் இந்தத் தலைவலி தொடங்கியது. அப்போதே முகாம் மருத்துவரிடம் காட்டியிருந்ததால் சர்வீஸ் ரெக்கார்டில் ஏறிவிட்டது. இன்றைய நோய்க்கும் அன்றைய அடிக்கும் தொடர்பு உண்டு என்று நரம்பியல் டாக்டர் எழுதிக் கொடுத்தார். தொடர்பு இருக்க பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு உண்டு என்று டாக்டர் காரணத்தோடு எழுதினால் போதும்.

விதிப்புத்தகத்தில் மைக்ரேனுக்கு 8100 என்று தனி எண். ஆளைச் சாய்க்கும் தாக்குதல் சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் 10 சதவீதம், மாதம் ஒருமுறை என்றால் 30. அடிக்கடி வந்து, நெடுநேரம் முழுதாக முடக்கிப்போட்டு, பிழைப்பையே கடுமையாகப் பாதித்தால் 50. இந்த எண்ணில் அதற்கு மேல் இல்லை.

எனக்கு முதலில் வந்தது 10. விஏ சார்பில் பரிசோதனை செய்தவரிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். அறிக்கையிலோ படுத்துக் கிடக்கும் நாட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படித்தபோது வயிறு எரிந்தது.

புதிய ஆதாரங்களோடு மறுபடி பார்க்கச் சொல்லும் சப்ளிமென்டல் கிளெய்ம் போட்டேன். அதில் கனமானது என் டைரிதான். ஒரு பக்கம் இப்படி இருக்கும்: “செவ்வாய். காலை 10 மணி, வலது கண்ணுக்குப் பின்னால் ஆரம்பம். வாந்தி. மாத்திரை கேட்கவில்லை. திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். லீவு. இருட்டும்வரை எழவில்லை.” கூடவே மனைவி கைப்பட எழுதிய வாக்குமூலம், நான் பாதியில் வீட்டுக்குப் போன நாட்களைக் குறித்து மேலாளர் கொடுத்த கடிதம்.

வேலையில் இருப்பவனுக்கு 50 கிடைக்காது என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். அது சரியல்ல. 2004-ல் பியர்ஸ் வழக்கில் வெட்டரன்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதன்படி, வேலையே செய்ய முடியாத நிலை வேண்டும் என்பதில்லை. பிழைப்பைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியதாக இருந்தாலே போதும். இந்தத் தீர்ப்பை எனக்கு எடுத்துக்காட்டியவர் முன்னாள் வீரர்கள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி. காசு வாங்காமல் அத்தனையும் செய்தார், அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது முடிவில் 50 வந்தது. முதல் கிளெய்முக்கு முன்பே ‘இன்டென்ட் டு ஃபைல்’ (கிளெய்ம் போடப்போகிறேன் என்ற முன்னறிவிப்பு) கொடுத்து, ஒரு வருடத்துக்குள் கிளெய்மையும் போட்டிருந்தேன். முதல் முடிவு வந்த ஒரு வருடத்துக்குள்ளேயே சப்ளிமென்டலும் போனதால், நிலுவைத் தொகையை அந்த முன்னறிவிப்புத் தேதியிலிருந்தே கணக்கிட்டுக் கொடுத்தார்கள்.