பீஸா, பேக்கா? ஆர்டர் மேப்பிங்கில் கழிந்த ஏழு மாதம்

“கண்ணு, பாலிபேக் 4,800ன்னு எழுதியிருக்கறீங்க. துணியும் 4,800 பீஸுக்குத்தான் வந்திருக்குது. ஒரு பையில மூணு போடோணும்னா மீதி எங்கீங்க?”

கட்டிங் தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் பேக்கிங் அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இது. கட்டிங் டேபிளில் ரோல் கணக்கை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எனக்கு அடிவயிறு கலங்கியது. ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவரின் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் அது. மூன்று டி-ஷர்ட் சேர்ந்து ஒரு பேக். 4,800 பேக் என்றால் 14,400 பீஸ். நூல் வாங்கி, நிட்டிங் முடித்து, டையிங்கும் ஆகி வந்திருந்தது மூன்றில் ஒரு பங்குத் துணிதான்.

மீதிக்கு நூல் போட்டு, திரும்பச் சாயம் ஏற்றினோம். திருப்பூரில் இருப்பவர்களுக்கு அடுத்தது என்னவென்று தெரியும். இரண்டாவது லாட்டின், அதாவது இரண்டாம் முறை சாயம் ஏற்றிய துணியின், ஷேடு முதல் லாட்டோடு சேரவில்லை. ஒரே பேக்குக்குள் இரண்டு லாட் கலக்கக் கூடாது என்று பிரித்துப் பிரித்துப் போட்டோம். தேதி தவறியது, ஒரு பகுதி விமானத்தில் போனது. அந்த ஆர்டரில் கம்பெனிக்கு மிஞ்சியது எதுவும் இல்லை.

எப்படி நடந்தது என்று உட்கார்ந்து பார்த்தேன். அந்த வாடிக்கையாளர் ஆர்டரை எடிஃபாக்ட் செய்தியாக அனுப்புவார். ஒரு கம்பெனியின் மென்பொருள் இன்னொன்றின் மென்பொருளுக்கு ஆர்டர் அனுப்பும் பொது வடிவம் அது. அதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு 13 இலக்கப் பொருள் எண் உண்டு. அதன் கீழே எண்ணிக்கை: குறியீடு 21, அதாவது ஆர்டர் செய்த அளவு, 4,800, அலகு ‘பிசிஇ’, பீஸ். அதற்கும் கீழே இன்னொரு எண்ணிக்கை வரி இருந்தது: குறியீடு 59, மதிப்பு 3. விற்பனை அலகு ஒன்றுக்குள் நுகர்வோர் அலகு எத்தனை என்பது அதன் பொருள். எங்கள் மென்பொருள் 21ஐ எடுத்து ‘மொத்த பீஸ்’ என்ற கட்டத்தில் போட்டுவிட்டு, 59ஐத் தொடாமல் விட்டுவிட்டது. வாடிக்கையாளர் பீஸ் என்றது பேக்கை. அந்த 13 இலக்க எண்ணே பேக்குக்கு உரியதுதான். நாங்கள் பீஸ் என்பது தையல்காரர் கையில் இருக்கும் ஒற்றை உருப்படியை. காஸ்டிங் ஷீட்டில் பேக் விலை சரியாகத்தான் இருந்தது. ஆனால் பிளானிங்குக்குப் போனது மென்பொருளில் இருந்த எண்ணிக்கை மட்டும்.

அவர்களின் எந்தக் கட்டம் எங்களின் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வதுதான் மேப்பிங் அட்டவணை. அதே அட்டவணை அதற்கு முன் இரண்டு வருடம் ஒரு தவறும் செய்யவில்லை. அதுவரை அவர்கள் ஒற்றை பீஸ் ஆர்டர்களை மட்டுமே கொடுத்து வந்தார்கள், அவ்வளவுதான்.

முதலாளி திட்டவில்லை. “மறுக்கா இப்படி வராம நீங்களே உட்கார்ந்து சரி பண்ணுங்க” என்றார். வாடிக்கையாளருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக ஒன்பது வருடம் இருந்துவிட்டுத் தரவு மேப்பிங்குக்குள் நான் வந்தது இப்படித்தான். இதே வேலையில் மாட்டிக்கொண்டு நிற்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களிடம் அப்போது ஆறு வடிவங்கள் இருந்தன. எடிஃபாக்டில் அனுப்பும் இரண்டு வாடிக்கையாளர்கள், அமெரிக்க எக்ஸ்12 வடிவத்தில் அனுப்பும் ஒருவர், எக்செல் ஷீட் மட்டும் அனுப்பும் ஒருவர், எங்கள் சொந்த மென்பொருள், அப்புறம் அரசுத் தளத்தில் பதியும் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ். எடிஃபாக்ட் ஐ.நா. அமைப்பின் கீழ் உருவானது. அதன் தொடரியல் 1987இல் ஐஎஸ்ஓ 9735 ஆனது. எக்ஸ்12 அதற்கும் மூத்தது, அந்தக் குழு 1979இல் தொடங்கியது. இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன, வேறு வேறு வாயால்.

முதல் மூன்று வாரம் வீண். எக்செலில் இடது பக்கம் அவர்கள் பெயர், வலது பக்கம் எங்கள் பெயர் என்று எழுதி, ஒத்துப்போகிற பெயர்களை ஜோடி சேர்த்துக்கொண்டே போனேன். பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது. பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: 4,800ஐக் கவிழ்த்த வரியும் இப்படிச் சேர்ந்த ஜோடிதான். எண்ணிக்கைக்கு எண்ணிக்கை. பெயர் பொருந்தாத வரிகளை நாம் எப்படியும் நிறுத்தி யோசிப்போம். பெயர் பொருந்துகிற வரிகள்தான் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

அந்த ஷீட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இந்த முறை ஒவ்வொரு வரிக்கும் பெயரை விட்டுவிட்டு, அது என்ன என்று தமிழில் ஒரு வாக்கியம் எழுதினேன். ‘கடைக்காரர் கல்லாவில் ஒரு தடவை ஸ்கேன் செய்யும் பொருள் எத்தனை வேண்டும் என்பது’. இப்படி எழுத முடியாவிட்டால் எனக்கு அது புரியவில்லை என்று அர்த்தம். பக்கத்தில், அந்தத் தகவல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று குறித்தேன்: ஆர்டரா, ஸ்டைலா, கலரா, சைஸா, பேக்கா, அட்டைப்பெட்டியா. பிறகு அலகு, கட்டாயமா இல்லையா, உண்மையான பழைய ஆர்டரிலிருந்து ஒரு மாதிரி மதிப்பு, இதை யாரிடம் கேட்டு உறுதி செய்தேன் என்பது. கடைசி இரண்டும் இல்லாத மேப்பிங் அட்டவணையை இப்போது நான் நம்புவதே இல்லை.

பொருத்தத்தின் வகையையும் எழுத வேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டேன். சொற்களஞ்சியங்களை இணைப்பதற்காக, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2009இல் பரிந்துரையாக வெளியிட்ட ஸ்கோஸ் என்ற தரத்தில் ஐந்து வகை உறவுகள் சொல்லியிருக்கிறார்கள். நான் அவற்றை என் வாய்க்கு வந்த மாதிரி வைத்துக்கொண்டேன்: ‘அதேதான்’, ‘கிட்டத்தட்ட’, ‘அது பெரிசு’, ‘அது சிறிசு’, ‘சம்பந்தம் உண்டு’. எதுவும் உறுதியாகாத வரிக்கு மஞ்சள் நிறம். மஞ்சள் வரி எதையும் மென்பொருளில் ஏற்றக் கூடாது என்பது எங்கள் சட்டம்.

டஜன் சுலபம். எடிஃபாக்டில் அது ‘டிஇசட்என்’, எக்ஸ்12இல் ‘டிஇசட்’, ஜிஎஸ்டியில் ‘டிஓஇசட்’. மூன்று எழுத்துக்கோவை, ஒரே பொருள். எல்லாம் 12. ‘அதேதான்’ என்று எழுதி ஒரு மணி நேரத்தில் முடித்தேன். பார்க்க வேறாக இருந்து உள்ளே ஒன்றாக இருப்பவை தொல்லை தருவதில்லை.

சைஸ்தான் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. எங்கள் மென்பொருளில் ‘80’ என்று ஒரு சைஸ் உண்டு. எங்கள் கம்பெனி உள்நாட்டுக்கும் பனியன் தைக்கிறது. அங்கே 80 என்றால் ஆண்களின் மார்புச் சுற்று, செ.மீ.யில். ஐரோப்பியக் குழந்தை உடையில் 80 என்றால் குழந்தையின் உயரம், அதுவும் செ.மீ.யில். ஒரே எண், ஒரே அலகு, ஒரே சைஸ் பட்டியலில் ஒரே வரி. ஒன்று வளர்ந்த மனிதருக்கு, மற்றது கைக்குழந்தைக்கு. அமெரிக்க வாடிக்கையாளர் ‘4டி’ என்பார். அது வயதை ஒட்டிய பெயர். 104ஐயும் 4டியையும் ‘அதேதான்’ என்று போட்டுவிடலாமா என்று சபலம் வந்தது. இரண்டு ஸ்பெக் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மார்பு அகலமும் உடல் நீளமும் பார்த்தேன், ஒத்துப்போகவில்லை. ‘கிட்டத்தட்ட’தான். அதனால் சைஸை மாற்றி எழுதுவதே இல்லை என்று முடிவெடுத்தேன். வாடிக்கையாளர் சொன்ன சைஸ் அப்படியே இருக்கும். பக்கத்தில் அது எந்த முறைப்படி என்ற இன்னொரு கட்டம் இருக்கும்: மார்பு, உயரம், வயது.

அந்தக் கட்டம் எங்களை இன்னொரு இடத்தில் காப்பாற்றியது. சுங்க வேலையைப் பார்க்கும் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் தூத்துக்குடியிலிருந்து ஒருநாள் கூப்பிட்டு, “மேடம், இதுல 80, 86 சைஸ் இருக்கே, எல்லாத்துக்கும் 6109 போட்டிருக்கீங்களே?” என்று கேட்டார். எச்எஸ்என் என்பது வரிக்கும் சுங்கத்துக்கும் சரக்கை வகைப்படுத்தும் எண். பருத்தி டி-ஷர்ட்டுக்கு இந்தியாவில் அது 61091000. ஆனால் அந்த எண் பட்டியலின் 61ஆம் அத்தியாயத்தின் குறிப்பில், 86 செ.மீ.க்கு மிகாத உயரமுள்ள சிறு குழந்தைகளுக்கான உடை 6111க்குத்தான் போக வேண்டும் என்று இருக்கிறது, பருத்தியானால் 61112000. எங்கள் ஸ்டைல் 80, 86, 92, 98, 104 என்று ஐந்து சைஸில் போகிறது. ஒரே துணி, ஒரே கலர், ஒரே பிரிண்ட். முறைக் கட்டத்தில் ‘உயரம்’ என்று இருந்ததால் பிரிக்க முடிந்தது: முதல் இரண்டு சைஸ் ஒரு எச்எஸ்என், மற்ற மூன்றும் இன்னொன்று. எங்கள் மென்பொருளிலோ எச்எஸ்என் ஸ்டைலோடு கட்டப்பட்டிருந்தது. ஸ்டைலுக்கு ஒன்றுதான் வைக்க முடியும்.

இங்கே தவறு எந்த மதிப்பிலும் இல்லை. 61091000 சரியான எண்தான். அது மாட்டப்பட்டிருந்த ஆணி தப்பு. தரவு மாதிரிகளை ஒப்பிடும்போது கட்டங்களின் பெயரைவிட, ஒரு தகவல் எந்த மட்டத்தில் தொங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எச்எஸ்என்னை ஸ்டைலிலிருந்து கழற்றி சைஸில் மாட்ட மென்பொருள்காரருக்கு ஆறு வாரம் ஆனது. எச்எஸ்என்னின் முதல் 6 இலக்கம்தான் நாடுகளுக்குப் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வழி. அமெரிக்காவின் 10 இலக்கத்தில் டி-ஷர்ட் ஆண்களுக்கா பெண்களுக்கா என்ற பிரிவு உண்டு, நம் 8 இலக்கத்தில் இல்லை. அதனால் அவர்கள் எண்ணிலிருந்து பார்த்தால் நம் எண் ‘அது பெரிசு’. நம் எண்ணை மட்டும் வைத்து அவர்கள் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது, ஸ்டைல் விவரமும் வேண்டும்.

ஆறு வடிவத்தில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேராக இணைத்தால் 30 அட்டவணை. நடுவில் ஒன்றை வைத்து எல்லாம் அதன் வழியாகப் போய் வந்தால் 12. ஈரோடு ஜங்ஷன் மாதிரி, எங்கிருந்து வந்தாலும் அங்கே இறங்கி மாறிக்கொள்வது. அந்த நடு மாதிரியாக, பெரிய வாடிக்கையாளரின் வடிவத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் பலரும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வடிவத்தில் கட்டிங் பண்டில், அதாவது வெட்டிய துணிக் கட்டு, கிடையாது, டையிங் லாட் கிடையாது. நம் வேலை முழுக்க அதில்தான் ஓடுகிறது. ஒற்றை பீஸை அடிப்படையாக வைத்து, பேக்கைத் தனிப் பொருளாக, ‘உள்ளே எத்தனை’ என்ற கட்டாயக் கட்டத்தோடு நாங்களே எழுதினோம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஆர்டர் உள்ளே ஏறாது. ஒற்றை பீஸுக்கும் 1 என்று போட்டாக வேண்டும்.

தேதிகளில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். ‘ஷிப்மென்ட் டேட்’ என்று நாங்கள் சொல்வது கம்பெனி கேட்டை விட்டு லாரி கிளம்பும் நாள். எடிஃபாக்டில் குறியீடு 2 என்றால் அவர்கள் கையில் சரக்கு கிடைக்க வேண்டிய நாள், 10 என்றால் அனுப்ப வேண்டிய நாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது.

இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 2022 ஏப்ரலில் 20 கோடி வரம்புக்கு இறங்கியபோது எங்களையும் சேர்த்துக்கொண்டது. ஏற்றுமதி என்றால் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் இருக்கும் இடத்தில் ‘யுஆர்பி’ (பதிவு செய்யாதவர்), மாநிலக் குறியீடு 96, பின்கோடு 999999. அந்தப் பின்கோடு எந்த ஊரும் அல்ல, ‘பொருந்தாது’ என்பதை எண்ணில் சொல்லும் வழி. அதை ஆர்டர் பக்கத்திலிருந்து முகவரியாக எடுத்து வர முயன்றவர்கள் எங்களிடமே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் மதிப்பு இல்லை என்பதற்கு ‘தெரியாது’, ‘பொருந்தாது’, ‘இன்னும் வரவில்லை’ என மூன்று அர்த்தம் உண்டு. மூன்றையும் தனித்தனியாக எழுதி வைத்தேன்.

கடைசியில் சோதனை. முடிந்துபோன 40 பழைய ஆர்டர்களை எடுத்து, அவர்கள் வடிவத்திலிருந்து நடு மாதிரிக்கும், அங்கிருந்து திரும்ப அவர்கள் வடிவத்துக்கும் மாற்றி, மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டோம். 31 சுத்தமாகத் திரும்பி வந்தன. மீதி ஒன்பதில், எந்தக் கடைக்கு எத்தனை என்ற பிரிப்பு காணாமல் போயிருந்தது. மொத்தம் மட்டும் தங்கியிருந்தது. கூட்டல் சரியாக இருந்ததால் யாரும் கவனித்திருக்க மாட்டோம். ஆனால் அட்டைப்பெட்டி ஸ்டிக்கர் கடைவாரியாகத்தான் ஒட்ட வேண்டும். நடு மாதிரியில் அதற்கு இடமே வைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வைத்தோம். மறுபடி ஓட்டினோம். 40ம் வந்தன.

இப்போது அட்டவணையில் 300க்கும் மேல் வரிகள். மேலே பதிப்பு எண்ணும் தேதியும் உண்டு. வாடிக்கையாளர் எடிஃபாக்டின் டி.96ஏ பதிப்பிலிருந்து டி.01பிக்கு மாறினால் நாங்கள் பழையதை அழிப்பதில்லை, புதிதாக ஒன்று தொடங்குவோம். பழைய ஆர்டரைப் பற்றிக் கேள்வி வந்தால் பழைய அட்டவணைதான் பதில் சொல்லும்.

போன திங்கட்கிழமை புதிய வாடிக்கையாளர் ஒருவரின் கையேடு வந்தது. சாக்ஸும் டி-ஷர்ட்டும் சேர்ந்த செட் கேட்கிறார்கள். 17ஆவது வரியில் ‘உள் பேக்’ என்று ஒரு கட்டம். அது செட்டைக் குறிக்கிறதா, செட்டுகளைப் போடும் சின்னப் பெட்டியையா என்று அவர்களுக்கு மெயில் போட்டிருக்கிறேன். அவர்கள் பதில் வந்தாலும், பெட்டியைக் கையால் போடுகிறவர் ஒரு தடவை பார்த்துச் சொல்ல வேண்டும். பேக்கிங் அண்ணன் தைப்பூசத்துக்குப் பழனி நடந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைதான் வருவார். அதுவரை அந்த வரி மஞ்சளில் இருக்கும்.