ஆறாவது ஃப்ரெட்டும் புது பேஸும்

அக்டோபர் 1, 2025, புதன்

ஆயுத பூஜை. என் பழைய பேஸ் கிடாருக்கு அம்மா சந்தனம், குங்குமம் வைத்தார். ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் மேலேயே வைத்துவிட்டார், நான் துடைக்கவில்லை. பதினோரு வருஷமாகச் சோறு போடும் கருவி. அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டே ஃபோனில் அதன் சக்களத்தியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோவையில் கிடார் செய்யும் தம்பி அனுப்பிய கடைசி வரைபடம் அது. ஐந்து ஸ்ட்ரிங். தலை கிடையாது, ஸ்ட்ரிங்கை முறுக்கும் ட்யூனர் எல்லாம் உடம்பில், பிரிட்ஜ் பக்கம். ஃப்ரெட்டுகள், அதாவது சுரங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பிகள், விசிறி மாதிரி சாய்ந்து நிற்கும். ஆகக் கீழ்ச் சுரமான லோ பி ஸ்ட்ரிங்குக்கு 35 இன்ச் நீளம், ஆக மேலே உள்ள ஜி ஸ்ட்ரிங்குக்கு 33. ஃப்ரெட்போர்டு ஈட்டி மரம், உடம்பு பலா. வீணைக்கு ஆகிற பலா பேஸுக்கு ஆகாதா என்று கேட்டது நான்தான். தீபாவளிக்குள் தருவதாகப் பேச்சு.

அக்டோபர் 5, ஞாயிறு

புரட்டாசி. கல்யாணக் கச்சேரி எதுவும் இல்லை. கை சும்மா இருந்தால் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது.

வழக்கமான ஸ்ட்ரிங் நீளமான 34 இன்ச் என்பது கிடார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-ல் ப்ரிசிஷன் பேஸுக்கு வைத்த நீளம். ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கித் திரிந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஃப்ரெட் இருந்ததால் சுரமும் பிசகாது. பேரே அதனால் வந்ததுதான். இன்றைக்கும் கடையில் தொங்குகிற பேஸில் முக்கால்வாசி அந்த நீளம்தான். ஆனால் அவர் மனதில் இருந்தது 41 ஹெர்ட்ஸ் ஈ ஸ்ட்ரிங். அதே நீளத்தில் 31 ஹெர்ட்ஸ் லோ பி-யைக் கட்டினால் பல நேரம் துணி காயப்போடும் கொடி மாதிரி தொளதொளவென்று கிடக்கும். ஒரு இன்ச் கூட்டினால், அதே ஸ்ட்ரிங், அதே சுரம், இழுவிசை ஏறக்குறைய 6 சதவீதம் ஏறும். காகிதத்தில் அற்பமான எண். விரலுக்கு அப்படி இருக்காது என்று நம்பித்தான் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பொறுக்க முடியாமல் அட்டையில் ஒரு நெக், அதாவது பேஸின் கழுத்து, செய்தேன். கணக்கு சுலபம்: நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் வரும் தூரம். மிச்ச நீளத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது. இப்படியே போகலாம். பி பக்கம் ஒரு வரிசைப் புள்ளி, ஜி பக்கம் ஒரு வரிசை, இரண்டையும் ஸ்கேல் வைத்து இணைத்தேன். ஏழாவது ஃப்ரெட்டை நேராக வைத்துக்கொண்டேன். அதற்கு இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் எதிர்ச் சாய்வு.

மடியில் வைத்து ஒரு மணி நேரம் சத்தமே இல்லாமல் வாசித்தேன். முதல் ஃப்ரெட் பக்கம் கை தடுமாறும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. மணிக்கட்டு இயல்பாகத் திரும்புகிற பக்கம்தான் கோடும் சாய்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “கரெண்டு பில்லாவது மிச்சம்” என்றார்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. பேஸ் வராது.

“மழைங்ணா. நெக் ஈரத்தைக் குடிச்சுட்டு நிக்குது. இப்ப ஃப்ரெட் அடிச்சா, வெயில் வந்ததும் மரம் சுருங்கி முனையெல்லாம் வெளிய குத்தும்” என்கிறான் தம்பி. நியாயம்தான். கோபப்படவும் முடியவில்லை என்பதுதான் கோபம்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஐப்பசி முகூர்த்தம், ரிசப்ஷன் கச்சேரி. பாடகர் ஒன்றரைக் கட்டை, அதாவது சி ஷார்ப் சுருதி கேட்டார். போச்சுடா என்றிருந்தது. என் பழைய பேஸில் ஜி ஸ்ட்ரிங் ஆறாவது ஃப்ரெட், அதாவது சரியாக அந்த சி ஷார்ப், செத்த இடம். தட்டினால் ‘டும்’ என்று எழும்பி உடனே அமுங்கிவிடும். பக்கத்து ஃப்ரெட்டெல்லாம் நீளமாக நிற்கும். அந்தச் சுரத்தை டி ஸ்ட்ரிங் பதினொன்றில் எடுத்தே பழகிவிட்டேன். பதினோரு வருஷமாக ஒரு குழியைச் சுற்றி வண்டி ஓட்டுகிறேன்.

கீபோர்டு நண்பர் சாப்பாட்டுப் பந்தியில் கிண்டல் செய்தார்: அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் மோட்டவுன் கம்பெனிப் பாட்டெல்லாம் பெரும்பாலும் ஒரே பேஸில் வாசித்தார், ஸ்ட்ரிங்கைக்கூட மாற்ற மாட்டார், உனக்கு விசிறி ஃப்ரெட் கேட்கிறதா என்று. ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

செத்த இடம் என்பது பிக்கப் கோளாறு அல்ல. நெக்குக்கென்று ஓர் அதிர்வு இருக்கிறது. ஸ்ட்ரிங்கின் சுரம் அதோடு ஒத்துப்போனால் சக்தியை நெக் உறிஞ்சிவிடும். இன்று தச்சரிடம் ஒரு சி-கிளாம்ப், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடி, வாங்கிவந்து, துணி சுற்றி, பேஸின் தலையில் மாட்டிப் பார்த்தேன். ஆறாவது ஃப்ரெட் உயிர் பெற்றுவிட்டது! அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம். இப்போது ஐந்தாவது ஊமை. எடை கூடியதும் நெக் இன்னும் கீழே அதிர்கிறது, குழியும் கூடவே இறங்கிவிட்டது.

தம்பிக்கு ஃபோன் போட்டேன். தலையே இல்லாத பேஸில் இந்தப் பிரச்சினை இருக்காதுதானே?

“இல்லாம போகாதுங்ணா. எடை குறையறதால மேல ஏறும். எங்கன்னு ஸ்ட்ரிங் கட்டினாத்தான் தெரியும்.”

இன்னொருவனாக இருந்தால் ‘என் பேஸில் வராது’ என்றிருப்பான். மீதிப் பணத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

ஸ்ட்ரிங் கட்டிவிட்டான். பாலிஷ் பாக்கி. மஞ்சள் பலகையாக, அறுத்த பலாவின் நிறத்திலேயே இருக்கிறது. இருபது விநாடி வீடியோ. லோ பி-யைத் தட்டினான்; ஃபோனில் ‘டக் டக்’ என்று கதவு தட்டுகிற மாதிரி கேட்டது. 31 ஹெர்ட்ஸ் அந்தத் துளி ஸ்பீக்கரில் எங்கே வரும்? மேல் ஒத்திசைகளை வைத்து மூளைதான் மிச்சத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஹெட்ஃபோன் தேடி எடுத்துக் கேட்டேன். கொடி இல்லை, கம்பி.

கடைசியில் ஜி ஸ்ட்ரிங்கில் மேலே ஓடினான். படுவேகம். ஒன்பதாவது பக்கம் ஒரு சுரம் சட்டென்று அமுங்கியதா, இல்லை அவன் விரலை எடுத்துவிட்டானா? ஏழெட்டுத் தடவை கேட்டாகிவிட்டது.

“ஜி-யில ஒவ்வொரு ஃப்ரெட்டா, நின்னு நிதானமா வாசிச்சு அனுப்பு தம்பி” என்று மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்து முக்கால் மணி நேரம் ஆகிறது.