‘உன்’ என்றால் உன்னுடையது இல்லை

ஜெர்மனியில் டோர்ட்முண்டுக்கு வந்து மூன்றாவது வாரம். ஜூலை மாத மத்தியானம், தூங்கிக்கொண்டிருந்த குழந்தை பதறி எழுந்துகொள்ளும் அளவுக்கு ஃபோன் அலறியது. திரையில் சிவப்பாக ஒரே ஒரு நீளச் சொல்: உன்வெட்டர்வார்னுங். வெட்டர் என்றால் வானிலை, வார்னுங் என்றால் எச்சரிக்கை, அவ்வளவு ஜெர்மன் அப்போது தெரியும். முன்னால் நிற்கிற ‘உன்’தான் இடித்தது. உன் வானிலையா? யாருடைய வானிலை? ஆபீஸில் இருந்த கணவருக்கு மெசேஜ் போட்டால், “இல்லைன்னு அர்த்தம், இங்கிலீஷ்ல அன் வருதே அது மாதிரி” என்று பதில். சரி, வானிலை எதுவும் இல்லையாம், நல்லதுதானே என்று பால்கனியில் காய்ந்த துணியை அப்படியே விட்டுவிட்டேன். இருபது நிமிடத்தில் கோலிக்குண்டு சைஸில் ஆலங்கட்டி மழை. கொடியில் கிடந்த என் ஒரே நல்ல சுங்குடிச் சேலை கீழ்வீட்டுக்காரர் பால்கனியில் போய் விழுந்தது.

அப்புறம் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற முதியோர் கல்வி நிலையத்தில் இன்டெக்ராட்சியோன்ஸ்குர்ஸ், அதாவது புதிதாகக் குடியேறியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். மொழிக்கு 600 பாடவேளை, நாட்டு நடப்புக்கு இன்னொரு 100. அங்கே டீச்சர் சொல்லித்தான் விஷயம் விளங்கியது. இந்த ‘உன்’ எப்போதும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை, பாதி நேரம் ‘கெட்டுப்போனது’ என்கிறது. வானிலை கெட்டால் உன்வெட்டர், புயல் மழை. டீர் என்றால் விலங்கு, உன்டீர் என்றால் அரக்கத்தனமான மிருகம். மென்ஷ் மனிதன், உன்மென்ஷ் ஈவிரக்கமில்லாதவன், அவனும் இரண்டு காலில்தான் நடப்பான். கிரவுட் என்றால் மூலிகை, செடி. உன்கிரவுட் என்றால் களை. இதோடு நின்றாலும் பரவாயில்லை. மெங்கே என்றால் அளவு, உன்மெங்கே என்றால் ஏகப்பட்டது. உன்டீஃபெ என்று ஒன்று இருக்கிறது, டீஃபெ என்றால் ஆழம். கப்பல்காரர்களுக்கு அது தரைதட்டும் ஆழமில்லாத இடம், மற்றவர்களுக்கு அடிகாணாத பள்ளம். ஒரே சொல்! இதை வைத்துக்கொண்டு எப்படிக் கப்பல் விட்டார்களோ.

என்னை நிஜமாகவே கவிழ்த்தது கோஸ்டன். செலவு என்று பொருள். குழந்தையை விளையாட விடும் இடத்தில், சிறிய ‘உன்கோஸ்டன்பைட்ராக்’ உண்டு என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். உன் சேர்ந்த செலவு, ஆக செலவே இல்லை, இலவசம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் உண்டியலை நீட்டினார்கள். உன்கோஸ்டனும் செலவுதான், அதுவும் நாம் விரும்பாத செலவு. ஆளுக்கு 5 யூரோ.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தவள், நம்ம லட்சணம் என்ன என்று யோசித்ததும் வாயை மூடிக்கொண்டேன். “அநியாயத்துக்கு அழகா இருக்கா” என்கிறோம், அங்கே நியாயத்துக்கு என்ன வேலை? கோரம் என்றால் பயங்கரம், வடமொழியில் அகோரம் என்றால் பயங்கரமில்லாதது, சிவனின் ஐந்து முகங்களில் ஒன்றுக்கு அதுதான் பெயர். நாம் அகோரப் பசி என்கிறோம். உன்டீஃபெயைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை கிடையாது. (அசிங்கத்துக்கும் சிங்கத்துக்கும் சம்பந்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

இந்த மறுக்கிற ‘அ’ தமிழின் சொந்தப் பிள்ளை இல்லை. தமிழின் ‘அ’ கைநீட்டிக் காட்டுவது: அவன், அங்கே, அவ்வீடு. ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்கிறது தொல்காப்பியம். இல்லை என்று சொல்ல நாம் சொல்லின் முன்னால் போய் நிற்பதில்லை, பின்னால்தான் வேலை: கல்லாமை, கொல்லாமை, வெஃகாமை என்று குறளில் அதிகாரத் தலைப்புகளே அப்படித்தான். அநீதி, அசுத்தம், அஞ்ஞானம் எல்லாம் வடமொழியோடு வந்து ஒட்டிக்கொண்டவை. அந்த ‘அ’வும் ஜெர்மன் ‘உன்’னும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கிரேக்கத்தில் அது அ, அன்; லத்தீனில் இன்; ஆங்கிலத்தில் அன். உயிரெழுத்து வந்தால் கிரேக்கத்திலும் வடமொழியிலும் ஒரு னகரம் முளைக்கும், ஆதிக்கு முன் வந்தால் அனாதி ஆவது அதனால்தான்.

இது எனக்கு ஒரு தபாலில் உறைத்தது. தபால்பெட்டியில் பெயர் ஒட்டவில்லை என்றால் இந்த ஊரில் நீங்கள் இல்லவே இல்லை என்று கணக்கு. எங்கள் பெயரைப் பெட்டியில் கொள்ளுமளவுக்குச் சின்னதாக எழுதவே ஒரு மாதம் ஆயிற்று, அதற்குள் வங்கி அட்டை ஒன்று ‘உன்பெகன்ட்’ என்று திரும்பிப் போயிருந்தது. அறியப்படாதவர். அதில் உள்ள கென்னன் என்ற வினையும் ஞானத்தின் ‘ஞா’வும் ஒரே வேர். அதாவது பாண்டவர்கள் விராட நாட்டில் செய்ததுதான், அஞ்ஞாதவாசம்!

இதை மாடிவீட்டு அங்கிளிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தவர். ஜெர்மனை ‘டொச்’ என்பார். தண்டவாளத்தை ஒட்டி அவருக்கு ஒரு வாடகைத் தோட்டம் இருக்கிறது. அங்கே நான் பெரிய பண்டிதர் மாதிரி இன்னொன்றும் சொன்னேன். அகதி என்பதிலும் அதே ‘அ’தான், கதி இல்லாதவர். அந்தக் கதி ‘கம்’ என்ற வேரிலிருந்து வந்தது, போவது வருவது எல்லாம் அதுதான். வடமொழியில் ‘ga’ என்று ஒலிக்கும் இடத்தில் ஜெர்மனில் ‘ka’ வரும் (கோமாதாவின் கோ, அதாவது பசு, இங்கே கூ ஆவது போல), அப்படிக் கிடைப்பது கொம்மன், வருவது. அதிலிருந்து பிறந்த குன்ஃப்ட் நம்ம கதியேதான். ஹேர்குன்ஃப்ட் பிறப்பிடம், அன்குன்ஃப்ட் வந்து சேர்ந்தது, உன்டர்குன்ஃப்ட் தங்குமிடம்.

அவர் களைக்கொட்டை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “உது மூண்டும் நான் வந்த அண்டைக்கே ஃபொர்முலாரிலை நிரப்பினது பிள்ளை. அப்ப வித்தியாசம் தெரியாமல் எல்லாத்துக்கும் யாழ்ப்பாணம் எண்டு எழுதிப்போட்டன்.”

பிறகு அவரே சொன்னார், 1991 முதல் இங்கே ஆண்டுதோறும் ஒரு ‘உன்வோர்ட்’, கேடுகெட்ட சொல், தேர்ந்தெடுக்கிறார்களாம். முதல் ஆண்டு தேர்வானது அவுஸ்லெண்டர்ஃப்ரை, வெளிநாட்டவர் இல்லாத. ஹோயெர்ஸ்வெர்டா என்ற ஊரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அகதிகளும் தங்கியிருந்த வீடுகளைத் தாக்கிய ஆண்டு அது. “அந்த வருசம் நான் இரவு வேலையை விட்டிட்டன்” என்றார், மேலே எதுவும் சொல்லவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெர்மன் பாட்டி எங்கள் பாத்தியைக் காட்டி “உன்கிரவுட்!” என்று குரல் கொடுத்தார். மிளகாய்ச் செடிக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு ஏதோ மண்டியிருந்தது. அங்கிள் ஒன்றைப் பிடுங்கிக் குப்பை வாளியில் போட்டார். நான் எடுத்து இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் கோலமாவு தூவியது போல வெள்ளை, குருத்தைத் தொட்டால் விரலில் ஒட்டியது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் அம்மா கட்டுக் கட்டாக வாங்கி, பாசிப்பருப்பு போட்டுக் கடைகிற சக்கரவர்த்திக் கீரை.

“அங்கிள், இது கீரை.”

“விசர்க் கதை. முப்பது வருசமா நான் பிடுங்கி எறியிறன்.”

வாளியைக் கவிழ்த்து ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். ஆய்ந்ததில் பாதிதான் தேறியது, மீதி முற்றல். கடைந்து ஒரு கிண்ணம் மேலே கொடுத்தனுப்பியிருக்கிறேன், கிண்ணம் இன்னும் திரும்பி வரவில்லை.