ஈரத் தரையும் இரத்த சொந்தமும்

"அண்ணியைக் குற்றம் சொல்லாதீர்கள் அக்கா. எலும்பு பலவீனமாவதில் பாதிக்கு மேல் பரம்பரை. உங்கள் பாட்டிக்கும் இடுப்பு முறிந்தது என்று நீங்களேதானே சொன்னீர்கள்?"

இவ்வளவுதான் சொன்னேன். வடசென்னை கொருக்குப்பேட்டையில் அந்த வீட்டு நடையில், ஆயா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவருடைய மகளைப் பார்த்துச் சொன்னேன். வீடு அடங்கிவிட்டது. அடங்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

ஆயா விழுந்தது இரவில். அடிபம்பில் தண்ணீர் எப்போது வரும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மருமகள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பிடித்து வந்து குடங்களை நடையில் வரிசையாக வைத்திருக்கிறார். ஒரு குடத்தின் அடியில் மெல்லிய விரிசல். கழிவறைக்கு எழுந்து வந்த ஆயா அந்த ஈரத்தில் கால் வைத்துவிட்டார். இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டுக்கு வந்து, நடக்கவைக்க என்னை அழைத்தார்கள்.

மகள் திருவொற்றியூரிலிருந்து வருவார். வந்து செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவார். "தண்ணீர் பிடித்த கையோடு தரையைத் துடைத்திருந்தால் என் அம்மா இன்று நடந்துகொண்டிருப்பாள்." அன்றைக்கும் அதேதான். மருமகள் கொண்டுவந்த வெந்நீர்ப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சமையலறைக்குள் போனார். ஆயாவின் விரல்கள் வாக்கரின் கைப்பிடியில் வெளுத்துப்போயின. தோளில் வைத்திருந்த என் கைக்கு நடுக்கம் தெரிந்தது. வீட்டில் சண்டை நடக்கும்போது எந்த வயதானவரும் அடுத்த அடியை எடுத்து வைப்பதில்லை. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பிசியோதெரபி. ஆயா நடக்க வேண்டுமென்றால் மகள் வாயை மூட வேண்டும். அதற்குக் கைக்கு அகப்பட்டது பரம்பரை.

பொய் சொல்லவில்லை. எலும்பு அடர்த்தியில் ஆளுக்கு ஆள் காணப்படும் வித்தியாசத்தில் 50 முதல் 85 சதவீதம் வரை மரபணுக்களின் பங்கு என்று இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. இதற்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது. 1994-இல் விட்டமின் டி-யை உடம்பின் செல்கள் ஏற்றுக்கொள்ள உதவும் ஏற்பிக்கான மரபணு ஒன்றே பெரும்பகுதியை விளக்கிவிடும் என்று நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. பிற்பாடு அது அந்த அளவுக்கு நிற்கவில்லை. 2012-இல் மரபணுத் தொகுப்பில் எலும்பு அடர்த்தியோடு தொடர்புள்ள 56 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். 2019-இல் குதிகால் அளவீட்டை வைத்து அது 518 ஆனது. ஒவ்வொன்றும் செய்வது துளியளவு வேலை. முறிவோடு தொடர்புடையவை என்று 2018-இல் 15 இடங்களைப் பட்டியலிட்டபோது, அந்தப் பதினைந்தும் எலும்பு அடர்த்தியோடும் தொடர்புடையவையாகவே இருந்தன. ஆகவே நான் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. ஆயாவின் தாயாருக்கும் இடுப்பு முறிந்து, புத்தூர் கட்டுப் போட்டு, படுத்த படுக்கையிலேயே காலம் முடிந்தது. இந்தக் கதையை அந்த வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

ஆனால் எனக்குத் தெரிந்தது இவ்வளவு மட்டும் அல்ல. அங்கேதான் உறுத்துகிறது.

ஸ்வீடனில் இரட்டையர்களை வைத்துச் செய்து 2005-இல் வெளிவந்த ஆய்வை அப்போதே படித்திருந்தேன். 69 வயதுக்கு முன் நேரும் இடுப்பு முறிவில் மரபின் பங்கு மூன்றில் இரண்டு அளவுக்கு வருகிறது. அதன் பிறகு குறைகிறது. 79-ஐத் தாண்டியவர்களிடம் அது 3 சதவீதம்தான், அதாவது இல்லை என்றே சொல்லலாம். அந்த வயதில் எலும்பைவிட விழுவதுதான் பெரிய காரணம்: கண் மங்குவது, கால் தளர்வது, தூக்க மாத்திரை, இருட்டு, ஈரம். ஆயாவுக்கு எண்பது கடந்துவிட்டது. எலும்பின் அடர்த்திக்குப் பொருந்துவதை எடுத்து, விழுந்ததற்கு விடையாகக் கொடுத்துவிட்டேன். போதாததற்கு 'பாதிக்கு மேல்' என்பது ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. ஒரு கிழவியின் இடுப்பில் இவ்வளவு பங்கு பாட்டியுடையது, இவ்வளவு பங்கு குடத்துடையது என்று பிரித்துக் கொடுக்கிற பாகப்பிரிவினைப் பத்திரம் அல்ல.

இதையெல்லாம் அந்த நடையில் நின்று விளக்கியிருக்க முடியுமா? முடியாது. விளக்கியிருந்தால் மகள் என்ன சொல்லியிருப்பார்? "பார்த்தீர்களா, தரைதான் காரணம் என்று மேடமே சொல்கிறார்." ஒரு மருமகளை அந்த வாயில் பிடித்துப் போடுவதைவிட அரைகுறை உண்மை மேல் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சில நாட்களில் அப்படி நினைக்க முடிவதில்லை.

ஏனென்றால் என் வாக்கியம் அதன் பிறகு தன் போக்கில் வேலை செய்தது. மகன், "நெத்திலியை முள்ளோடு தின்று, வெயிலில் கூடையோடு நின்று வியாபாரம் செய்த உடம்பு. அதற்கே இப்படி என்றால் எல்லாம் எழுத்து" என்றார். சரி, கழிவறைப் பக்கம் கைப்பிடி வைக்கலாமே என்றேன். "எலும்பே அப்படி இருக்கும்போது கைப்பிடி என்ன செய்யும்?" என்று சிரித்தார். வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விட மாட்டார் என்பதும் உண்மைதான். ஸீரோ வாட் பல்பு ஒன்று வந்தது. விரிசல் விட்ட குடம் மாடிக்குப் போய் அதில் துளசி முளைத்தது. மற்ற குடங்கள் நடையிலேயே இருந்தன.

மகள் அன்று இரவே போன் செய்தார். குரலில் பழைய அதட்டல் இல்லை. "எனக்கும் வருமா?" என்று கேட்டார். கேட்ட கையோடு, "பிள்ளைகள் எதிரில் பரம்பரை என்று இனி பேசாதீர்கள். பெரியவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றார். ஒரே மூச்சில் இரண்டும். மருத்துவரிடம் போகச் சொன்னேன். போனார். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் மைனஸ் 2.5-க்கும் கீழே வந்தது, அதாவது எலும்புப் புரை என்று சொல்லும் எல்லைக்கும் கீழே. வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ஒழுங்காகச் செய்கிறார். எழுபதைத் தொடாத அவருடைய வயதில் தாயின் முறிவு நிஜமாகவே ஓர் எச்சரிக்கை. ஆக, ஆயாவுக்குச் சரியாகப் பொருந்தாத வாக்கியம் மகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. இதை என் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. யாருக்குச் சொன்னேனோ அவருக்கு உதவியது, யாரைப் பற்றிச் சொன்னேனோ அவருக்குக் கைப்பிடி இல்லாமல் செய்தது.

நம் கருவிகளும் என்னைப் போலத்தான் பேசுகின்றன என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வேன். 2008-இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஃப்ராக்ஸ் கணக்கீட்டில் அடுத்த பத்து ஆண்டுகளில் எலும்பு முறியும் வாய்ப்பைப் பார்க்கிறோம். வயது, எடை, உயரம், புகை, மது, ஸ்டீராய்டு எல்லாம் கேட்கும். பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா என்று கேட்கும். மரபணுச் சோதனை எதுவும் கேட்காது. அந்த ஒரு கேள்விதான் அதற்குப் பரம்பரை. ஆனால் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று கேட்காது. தரை எப்படி என்றும் கேட்காது. தரைக்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.

மருமகள் விஷயம்தான் கடைசியில் என்னைப் பிடித்துக்கொண்டது. அன்றைய பேச்சுக்குப் பிறகு என்னைக் கண்டால் முகம் மலரும், டீ வரும். ஒருநாள் குடத்தை இடுப்பில் ஏற்றியபடியே, "நல்லவேளை மேடம், எனக்கு இந்த வீட்டு இரத்தம் இல்லை" என்றார். நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் பேச்சுவாக்கில் தெரிந்தது: நாற்பதைத் தொடுமுன்பே அவருக்குக் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சினைப்பைகள் சுரந்து எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று நின்றுபோன உடம்பில் எலும்பு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டில் உடனே பார்க்க வேண்டியவர்களில் அவரும் ஒருவர்.

அவருடைய அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "நான் பால் குடிக்கும்போதே போய்விட்டாள். முகமே தெரியாது" என்றார். முப்பது வயதுகூட வாழாதவருக்கு இடுப்பு முறிந்திருக்குமா? ஃப்ராக்ஸில் 'இல்லை' என்றுதான் குறிக்க முடியும். தாய் கிழவியாகும்வரை உயிரோடு இருந்தால்தான் அந்தக் கேள்வி மகளுக்கு எதையாவது சொல்லும்.

ஆயாவை அடுத்த முறை மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது உங்களுக்கும் சேர்த்து டோக்கன் போடுங்கள், நடந்ததை எல்லாம் சொல்லி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள் என்றேன். குடத்தை இறக்கி வைத்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம் மேடம். மாமியாரைத் தள்ளிவிட்டுத் தனக்கு ஸ்கேன் எடுத்துக்கொள்கிறாள் என்று நாத்தனார் சொல்வார்."