ஸ்பேர் பார்ட்ஸ் மேசையிலிருந்து பார்த்த விசுவாசம்

2013ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு காலை, நான் வேலை பார்க்கும் கடையின் ஸ்பேர் பார்ட்ஸ் மேசைமேல் ஒரு பெரியவர் நான்காக மடித்த தாள் ஒன்றை விரித்து வைத்தார். கிளட்ச் தட்டுகள், வாட்டர் பம்ப் சீல், வால்வுக்கு அடியில் வைக்கும் ஷிம்கள், இன்ஜின் மூடிகளின் கேஸ்கெட்டுகள், பின் சக்கர பேரிங்குகள் என்று நீல மையில் எழுதிய பட்டியல் அது. ஒவ்வொன்றிலும் இரண்டு, சிலவற்றில் மூன்று வேண்டும் என்றார். வண்டி 2012ஆம் ஆண்டின் ஹஸ்க்வர்னா டிஇ 511, மண்பாதைகளில் ஓட்டும் டர்ட் பைக். அதில் அன்று எந்தப் பழுதும் இல்லை. சில நாட்களுக்கு முன்புதான், ஹஸ்க்வர்னா மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை பிஎம்டபிள்யூ விற்றுவிட்டது என்றும், வாங்கியவர் ஆஸ்திரிய மோட்டார் சைக்கிள் நிறுவனமான கேடிஎம்மின் தலைவர் ஸ்டெஃபான் பியரருக்குச் சொந்தமான முதலீட்டு நிறுவனம் என்றும் செய்தி வந்திருந்தது. நான் நல்லது சொல்வதாக எண்ணிக்கொண்டு, இந்த மாடலுக்கு இனி எதிர்காலம் இல்லை, விலை இருக்கும்போதே விற்றுவிடுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. தாளை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி, "நான் விற்கும் யோசனையோடு வரவில்லை, வைத்துக்கொள்ளும் யோசனையோடு வந்திருக்கிறேன்" என்றார்.

மெல்பர்ன் நகரின் கிழக்குப் புறநகரில் இருக்கும் அந்தக் கடையில் நான் 2010ஆம் ஆண்டு முதல் பாகங்கள் பிரிவில் இருக்கிறேன். தமிழ்நாட்டில் இயந்திரவியல் டிப்ளமா முடித்துவிட்டு இங்கே வந்தவன். எங்கள் கடையிலிருந்து ஒரு மணி நேரம் கிழக்கே போனால் மலைக்காடுகளும் மண்பாதைகளும் தொடங்கிவிடும். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் வார இறுதியில் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு அந்தக் காடுகளுக்குள் போகிறவர்கள். ஒரு சிலர் மட்டுமே பந்தயங்களில் ஓட்டுகிறவர்கள். அவர்கள் விரும்பும் பெயர் ஒன்று, என் கண்முன்னாலேயே, ஜெர்மானிய உரிமையாளரிடமிருந்து ஆஸ்திரியரிடமும், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அங்கிருந்து ஓர் இந்திய நிறுவனத்திடமும் கைமாறியது. இந்த இரண்டு சமயங்களிலும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று நான் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாலையில் ஓடும் பைக்குக்கும் இந்த டர்ட் பைக்குகளுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. சாலை பைக்கின் பராமரிப்பைக் கிலோமீட்டரில் கணக்கிடுவோம். காட்டுப்பாதைகளில் ஓட்டும் என்டூரோ, மண்மேடுகள் கொண்ட தடத்தில் ஓட்டும் மோட்டோகிராஸ் வண்டிகளின் பராமரிப்பை இன்ஜின் ஓடிய மணிக்கணக்கில் கணக்கிடுவோம். எடை குறைவாகவும் விசை அதிகமாகவும் இருக்க வேண்டும் என்று செதுக்கிச் செதுக்கிச் செய்த இன்ஜின்கள் அவை. குறித்த மணிக்கணக்கு வந்ததும் பிஸ்டனை மாற்ற வேண்டும், வால்வு இடைவெளியை அளக்க வேண்டும். இதற்கு மேல், பாறையில் விழுந்தால் ரேடியேட்டர் நெளியும், லீவர் உடையும், சேறு புகுந்து சக்கர பேரிங் தேயும். ஒரு நல்ல ரைடர் தன் வண்டியை வைத்திருக்கும் காலத்தில் அதன் உறுப்புகளில் பாதியையாவது ஒரு முறை மாற்றியிருப்பார். ஆகவே அவர் வாங்குவது ஒரு வண்டியை மட்டுமல்ல, இன்னும் பல ஆண்டுகளுக்கு அந்த வண்டிக்கான உறுப்புகள் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்ற உறுதியையும் சேர்த்தே வாங்குகிறார். நிறுவனம் கைமாறுகிறது என்ற செய்தி வரும்போது அவர் வயிற்றில் புளியைக் கரைப்பது இந்த இடம்தான்.

ஹஸ்க்வர்னாவைப் போல இத்தனை முறை கைமாறியும் பெயர் மாறாத வண்டி இந்தத் துறையில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1689இல் சுவீடனில் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கியது அது. இன்றும் பெட்ரோல் டாங்க் பக்கத்தில் இருக்கும் சின்னம், துப்பாக்கிக் குழாயை முன்னாலிருந்து பார்க்கும் தோற்றம்தான். 1903இல் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். 1960களில் டோர்ஸ்டன் ஹால்மன் 250 சிசி மோட்டோகிராஸில் நான்கு முறை உலகச் சாம்பியன் ஆனதும், அவர் அமெரிக்காவுக்குப் போய் அந்த விளையாட்டை அங்குள்ளவர்களுக்கு ஓட்டிக் காட்டியதும் இந்த வண்டியில்தான். பிறகு மொத்த நிறுவனமும் எலக்ட்ரோலக்ஸ் கைக்குப் போனது. எலக்ட்ரோலக்ஸ் 1987இல் மோட்டார் சைக்கிள் பிரிவை மட்டும் இத்தாலியின் கஜீவா நிறுவனத்துக்கு விற்றது; பின்னாளில் அது பிஎம்டபிள்யூவின் கைக்குப் போனது. அதே பெயரில் மரம் அறுக்கும் செயின்சாக்களைச் செய்யும் பிரிவு சுவீடனிலேயே தங்கிவிட்டது. இன்றும் எங்கள் கடைக்குத் தொலைபேசியில் அழைத்துச் செயின்சாவுக்குச் சங்கிலி கேட்பவர்கள் உண்டு. பெயர் ஒன்று, நிறுவனங்கள் வேறு என்று ஒவ்வொரு முறையும் விளக்கிச் சொல்கிறோம்.

அந்த 1987 விற்பனையில்தான் நான் மிகவும் மதிக்கும் ஒரு கிளைக்கதை இருக்கிறது. இத்தாலிக்குப் போக மனமில்லாத சுவீடன் பொறியாளர்கள் சிலர், தாமஸ் குஸ்டாவ்ஸன் என்பவரை நடுவில் வைத்துக்கொண்டு, 1988இல் ஹுஸாபெர்க் என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெயர் இத்தாலிக்குப் போயிற்று; அதைச் செய்த கைகள் சுவீடனிலேயே இருந்தன. ஹுஸாபெர்க் வண்டியில் பெல்ஜியத்தின் ஜோயல் ஸ்மெட்ஸ் 1995, 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் 500 சிசி உலகப் பட்டம் வென்றார். அந்த நிறுவனத்தை 1995இல் கேடிஎம் வாங்கிவிட்டது. 2013இல் ஹஸ்க்வர்னா என்ற பெயரும் கேடிஎம்மின் ஊரான ஆஸ்திரியாவின் மட்டிக்ஹோஃபனுக்கு வந்து சேர்ந்தபோது, ஹுஸாபெர்க் அதனோடு இணைக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பிரிந்த பெயரும் கைகளும் மூன்றாவது நாடு ஒன்றில் மீண்டும் சேர்ந்தன. இதைக் கடையில் நான் சொன்னபோதெல்லாம் சிலருக்கு மனம் இளகியது. சிலருக்கு எந்தச் சலனமும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் வீட்டில் நின்றது சுவீடனின் வண்டியும் அல்ல, ஆஸ்திரியாவின் வண்டியும் அல்ல, இத்தாலியின் வரேசே பகுதியில் செய்த வண்டி. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது, அங்கே வேலை செய்தவர்கள் வேலை இழந்தார்கள். அந்த வண்டிகளைச் செய்த மனிதர்களுக்காகவும் வருத்தப்பட்ட வாடிக்கையாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2014 மாடல் வண்டிகள் கடைக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சிவப்பும் கறுப்பும் போய், வெள்ளையில் நீலமும் மஞ்சளும், சுவீடன் கொடியின் நிறங்கள் திரும்பியிருந்தன. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஹஸ்கி (ஹஸ்க்வர்னாவின் செல்லப்பெயர்) மட்டுமே ஓட்டிய ஒருவர் புதிய எஃப்இ 350 வண்டியின் அருகே மண்டியிட்டு, கையடக்க டார்ச்சைப் பிடித்து இன்ஜின் மூடி, சட்டத்தின் வளைவு, பின் சஸ்பென்ஷன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து வந்து என்னிடம் ஆயில் ஃபில்டரின் பாக எண்ணைக் கேட்டார். பதினொரு இலக்க எண்ணைச் சொன்னேன். கேடிஎம் 350க்கு என்ன எண் என்று கேட்டார். அதே எண்தான். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். விளம்பரத்தில் என்ன எழுதினாலும் பாக எண் பொய் சொல்லாது என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் இது நிறம் மாற்றிய கேடிஎம்தான் என்ற அவருடைய முடிவு அவசரமானது என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கேடிஎம் என்டூரோ வண்டிகளில் பின் ஷாக் அப்சார்பர், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்தது. ஹஸ்க்வர்னாவில் இடையில் லிங்கேஜ் என்னும் இணைப்பு நெம்புகோல்களை வைத்தார்கள். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு வேரும் கல்லும் நிறைந்த பாதையில் பின் சக்கரம் நடந்துகொள்ளும் விதம் வேறாகத் தெரிந்தது. அந்த வேறுபாடு போதுமா என்பது வேறு கேள்வி. கிரஹாம் ஜார்விஸ் 2014இல் ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் பந்தயத்தில் இந்த வண்டியில் வென்றார். 2018இல் ஜேசன் ஆண்டர்சன் அரங்குகளுக்குள் நடக்கும் மோட்டோகிராஸ் வகையான அமெரிக்காவின் 450 சூப்பர்கிராஸ் பட்டத்தை ஹஸ்க்வர்னாவுக்கு முதல்முறையாக வாங்கித் தந்தார். இவற்றைப் பார்த்து வந்த புதிய தலைமுறைக்கு வரேசே என்ற ஊரே தெரியாது. அவர்களுக்கு ஹஸ்கி என்றால் வெள்ளையும் நீலமும்தான். அவர்களுடைய பற்று சிறியது, பழையவர்களுடையது பெரியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவர் எந்த வண்டியில் முதல் முறையாகப் பயம் தெளிந்து ஒரு செங்குத்தான மேட்டை ஏறினாரோ, அந்த வண்டியின் நிறம் அவர் மனதில் ஒட்டிக்கொள்கிறது. பெட்ரோல் டாங்கில் இருக்கும் பெயருக்குப் பின்னால் யாருடைய பணம் இருக்கிறது என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

விற்றுவிடுங்கள் என்று நான் சொன்ன பெரியவரிடம் திரும்புகிறேன். அவருடைய டிஇ 511இல் ஒரு விசேஷம் உண்டு. பிஎம்டபிள்யூவின் பந்தய வண்டியிலிருந்து வந்த இன்ஜின் அது. சங்கிலியை இழுக்கும் முன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் பின் ஸ்விங் ஆர்மின் அச்சும் ஒரே மையத்தில் இருக்கும்படி அமைத்திருந்தார்கள். சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும்போது சங்கிலி இறுகித் தளராமல் ஒரே இழுவிசையில் நிற்கும். பதிலுக்கு, மற்ற வண்டிகளில் சில நிமிடங்களில் முடியும் ஸ்ப்ராக்கெட் மாற்றுவது இதில் பெரிய வேலை. 2016 வாக்கில் ஒரு முறை, வேறொரு வேலையாக அவர் வீட்டுக்குப் போனபோது, அவருடைய கொட்டகையைக் காட்டினார். அலமாரியில் வரிசையாகப் பிஸ்கட் டப்பாக்கள். ஒவ்வொன்றின்மேலும் காகிதம் ஒட்டி, பாக எண்ணும் வாங்கிய தேதியும் எழுதியிருந்தது. கடையை மூடியவர்களிடமும், வண்டியை விற்றவர்களிடமும், இத்தாலியில் மீதமிருந்த சரக்கை விற்றவர்களிடமும் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. ரப்பர் சீல்கள் காய்ந்துவிடாதபடி தனித்தனிப் பிளாஸ்டிக் உறைகளில் இருந்தன. ஒரு டப்பாவில் என் கையெழுத்தில் எழுதிய ரசீதும் கிடந்தது. அதைப் பார்த்தபோதுதான் 2013இல் நான் சொன்னது எவ்வளவு பிழை என்று எனக்கு உறைத்தது. சந்தை விலையை மட்டும் பார்த்து அவருக்கு நான் அறிவுரை சொன்னேன். அவர் அந்த வண்டியை எத்தனை மணி நேரம் இன்னும் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அன்று முதல் விற்றுவிடுங்கள் என்ற சொல்லை என் வாயால் நான் சொல்வதில்லை. எவை முதலில் தீரும், எவற்றுக்குப் பொதுச் சந்தையில் மாற்று கிடைக்கும், எவற்றை இப்போதே வாங்கி வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

அந்தப் பழக்கம் 2024 இறுதியில் கைகொடுத்தது. நவம்பர் 29ஆம் தேதி கேடிஎம் ஏஜி நொடிப்பு நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. டிசம்பர் நடுவில் மட்டிக்ஹோஃபனில் உற்பத்தி நின்றது. ஹஸ்க்வர்னாவும், 2019இல் அந்தக் குழுமத்துக்குள் வந்த ஸ்பெயினின் காஸ்காஸும் அதே கூரையின்கீழ் இருந்தன. எங்கள் தொலைபேசி ஓயவில்லை. பிஸ்டன் செட் இருக்கிறதா, கிளட்ச் இருக்கிறதா, வாரண்டி என்னாகும் என்று கேட்டவர்களின் குரலில் 2013இல் கேட்ட அதே பதைப்பு இருந்தது. இடையில் ஜனவரியில் டேனியல் சாண்டர்ஸ், எங்கள் விக்டோரியா மாநிலத்துக்காரர், சவூதி அரேபியாவில் டக்கார் பந்தயத்தைக் கேடிஎம்மில் வென்றார். தொழிற்சாலை ஓடாத நாட்களில் வந்த அந்த வெற்றியைப் பற்றி எங்கள் கடையில் பேசியவர்களின் முகத்தில் பெருமையும் கவலையும் ஒன்றாகவே இருந்தன. பிப்ரவரி 25இல் கடன் கொடுத்தவர்கள் தங்களுக்கு வர வேண்டியதில் முப்பது சதவீதத்தை மட்டும் பெற்றுக்கொள்ளச் சம்மதித்தார்கள். அந்தப் பணத்துக்கும் மறு தொடக்கத்துக்கும் கைகொடுத்தது புனேயின் பஜாஜ் ஆட்டோ. மொத்தம் 80 கோடி யூரோ. நவம்பர் 2025இல் கட்டுப்பாடு முழுவதும் பஜாஜிடம் வந்துவிட்டது.

அப்போதுதான் வாடிக்கையாளர்கள் என்னிடம் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் வாங்கிவிட்டார்களே, அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று. சிலருடைய கேள்வியில் அக்கறை இருந்தது, சிலருடையதில் வேறொன்று இருந்தது. விலை மலிந்த, தரம் குறைந்த வண்டியாக ஆகிவிடும் என்ற முடிவோடு கேட்டவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தெரியாததை மட்டும் சொன்னேன். பஜாஜ் 2007ஆம் ஆண்டிலிருந்தே கேடிஎம்மின் பங்குதாரர். அவர்கள் ஓட்டிப் பழகும் கேடிஎம்மின் சிறிய சாலை பைக்குகளான டியூக்குகள் புனே அருகே சாக்கனில் செய்யப்பட்டவை. என் சிறுவயதில் எங்கள் வீட்டில் ஒரு பஜாஜ் சேத்தக் இருந்தது. அப்பா அதை இருபது ஆண்டுகளுக்குமேல் வைத்திருந்தார். கிளட்ச் கேபிளோ பிரேக் லைனிங்கோ வேண்டுமென்றால் எங்கள் சிற்றூரின் கடைத்தெருவிலேயே கிடைத்தது, ஒரு நாளும் நகரத்துக்குப் போனதில்லை. கடைசிக் கிராமம் வரை உறுப்புகள் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தொழிலின் அடிப்படையாக வைத்த நிறுவனம் அது. ஆனால் உண்மையின் மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. லட்சக்கணக்கில் விற்கும் பயணிகள் வண்டிக்கு உறுப்பு அனுப்புவது வேறு, சில ஆயிரம் பேர் ஓட்டும் இரண்டு ஸ்ட்ரோக் 300 சிசி என்டூரோ வண்டியின் பிஸ்டனைத் தொடர்ந்து செய்துகொண்டிருப்பது வேறு. கணக்குப் பார்ப்பவர் கண்ணில் இரண்டாவது வீண் செலவாகத் தெரியக்கூடும். அது வீண் செலவல்ல என்று புனேயில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

சென்ற மாதம் ஓர் இளம்பெண் வந்தார். அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்ட 2019 டிஇ 300. மணிக்கணக்கு மானியில் 140 காட்டியது. இனி இதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பிஸ்டன், கிளட்ச், பேரிங்குகள் என்று ஒரு தாளில் நீல மையில் எழுதத் தொடங்கினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே, டப்பாக்களில் ஒட்டக் காகிதம் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், தேதியையும் எழுதுங்கள் என்றேன். எதற்குத் தேதி என்று கேட்டார். ரப்பர் சீல்களைப் பற்றி அவருக்கு விளக்கினேன்.