லே போய் ரெண்டு நாள் கட்டில்ல கிடந்த கதை

ஊருக்கு வந்து மூணு நாள் ஆச்சு, இன்னும் கடுப்பு போகல. ஆபீஸ்ல கெஞ்சி வாங்குன ஆறு நாள் லீவு, அதுல ரெண்டு முழு நாள் லடாக்ல இருக்குற லே-ல மல்லாக்கப் படுத்து கூரையில எத்தனை உத்திரம்னு எண்ணிட்டு வந்திருக்கேன். 14. நெட்டிலிங்க மரம் மாதிரி ஒசரமா வளர்ற பாப்லர் மரத்து உத்திரம், அதுக்கு மேல வில்லோ குச்சியை நெருக்கி அடுக்கியிருக்காங்க. குச்சியையும் எண்ணலாம்னு ஆரம்பிச்சு 200-ல விட்டுட்டேன். அந்தக் கூரைக்கு ஒரு நாள் வாடகை 1,800. டே 1, டே 2ன்னு ஒழுங்கா எழுதணும்னுதான் உக்காந்தேன், ஆனா ரெண்டு நாளும் ஒண்ணுமே நடக்கலையே, என்னத்த எழுத.

சென்னைல ராத்திரி ஏறி, டெல்லி ஏர்போர்ட் தரையில ஒரு குட்டித் தூக்கம் போட்டு, விடிகாலை ஃப்ளைட்ல லே. கடல் மட்டத்துல இருந்தவன் ஒரே ராத்திரில 11,500 அடி. கொடைக்கானலே சுமார் 7,000 அடிதான், பாத்துக்கோங்க. இறங்கும்போதே சொல்றாங்க, முதல் ஒண்ணு ரெண்டு நாள் கண்டிப்பா ரெஸ்ட் எடுங்க, மேட்டுல ஏறாதீங்க, நிறைய தண்ணி குடிங்கன்னு. எங்க டிராவல்ஸ்காரர் போட்டுக் குடுத்த பிளான்ல முதல் நாள் சாயங்காலம் மேட்டு மேல இருக்குற சாந்தி ஸ்தூபி, ரெண்டாம் நாள் காலைல லே-யைவிட ரொம்ப ஒசரமான கர்துங் லா மலைக் கணவாய்! அந்த ஆளு வண்டலூரைத் தாண்டியிருக்க மாட்டாருன்னு நினைக்கிறேன். பிளானுக்கு காசு மட்டும் முழுசா வாங்கிட்டாரு.

ஏர்போர்ட்ல டாக்ஸி ரேட் போர்டு இருந்துச்சு, அதைப் படிக்கிறதுக்குள்ள கூட வந்த மச்சான் பேகை டிக்கில போட்டுட்டான். 800 ரூபா. ஊருக்குக் கிளம்புற அன்னைக்குத்தான் அந்த போர்டை நின்னு படிச்சேன், வயிறு எரிஞ்சுது.

சாங்ஸ்பா பக்கம் ஒரு வீட்டோட சேர்ந்த கெஸ்ட் ஹவுஸ். வயசான பொம்பளைங்கள அங்க அமா-லேன்னு கூப்பிடணும், அந்த லே நம்ம "ங்க" மாதிரி மரியாதைக்கு. அதாவது அம்மாங்க. வாய்ல சட்டுனு ஒட்டிக்கிச்சு. நான் டிராவல்ஸ்காரர் குடுத்த பேப்பரைக் காட்டுனதும் அவங்க அதை மடிச்சு என் சட்டைப் பைலயே திருப்பி வெச்சுட்டு "ஆராம்"னாங்க, ரெஸ்ட் எடுன்னு அர்த்தம். என் ஹிந்தி டீ வாங்குற அளவுக்குத்தான், ஆனா ஆராம்ங்கிற வார்த்தைய அந்த ரெண்டு நாள்ல ஒரு நூறு தடவை கேட்டிருப்பேன்.

முதல் நாள் கொடுமை. பத்து படி ஏறுனா தண்ணிக்குடத்தோட மாடி ஏறுன மாதிரி மூச்சு வாங்குது, மண்டைக்குள்ள எவனோ அம்மி கொத்துறான், தூக்கத்துல மூச்சு நின்னு திடுக்குன்னு முழிப்பு வேற. ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாக்க விரல்ல மாட்டுற அந்த மெஷின் 84 காட்டுச்சு. நம்ம ஊர்ல 84ன்னா ஆம்புலன்ஸ் வந்திருக்கும், அமா-லே அதைப் பாத்துட்டு பூண்டு சூப் வைக்கப் போயிட்டாங்க. போனும் செத்துப்போச்சு, வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்க எடுக்காது, போஸ்ட்பெய்ட் இருந்தாத்தான் உண்டு (இதை எவனும் எனக்கு சொல்லல). வீட்ல குடுத்துவிட்ட முறுக்கு பாக்கெட் காத்தழுத்தம் குறைஞ்சு பலூன் மாதிரி உப்பி மேஜை மேல உக்காந்திருந்துச்சு, நானும் அதுவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தோம்.

மச்சானுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையாம். "காசு குடுத்து வந்துட்டு படுத்துக் கிடக்கிறதாடா"ன்னு என்னைத் திட்டிட்டு சாயங்காலம் ஸ்தூபிக்குப் போனான், கிட்டத்தட்ட 500 படி. ராத்திரி பூரா வாந்தி. ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வெச்சு, டாக்ஸிக்கு போக வர 600 அழுது கூட்டிட்டு வந்தேன்.

ரெண்டாம் நாள் காலைல தலைவலி கொஞ்சம் விட்டுச்சு, வெளிய வந்து மண் சுவத்துல சாஞ்சு உக்காந்தேன். வெயில் சுள்ளுனு அடிக்குது, நிழலுக்கு நகர்ந்தா குளுருது, அதனால வெயில் கூடவே சுவத்தை ஒட்டி நகர்ந்து நகர்ந்து உக்காந்ததுதான் அன்னைக்கு நான் செஞ்ச ஒரே வேலை. காலடில ஒரு வாய்க்கால், ரெண்டு சாண் அகலம் இருக்கும். வருஷத்துக்கே சுமார் 100 மில்லிமீட்டர் மழை பெய்யிற ஊர்ல வயலும் மரமும் பச்சையா நிக்குதுன்னா இந்தப் பனிமலைத் தண்ணிதான் காரணம். அதை முறை வெச்சு திருப்பி விடறதுக்கு ஆள் உண்டு, சுர்பொன்னு பேரு. எங்க சிவகங்கைப் பக்கம் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி இருந்தாரே, அதே உத்தியோகம். ஒருத்தர் மம்பட்டியோட வந்தாரு, மண்ணு ரெண்டு வெட்டு, ஒரு புல்கத்தையை வெச்சு அடைச்சாரு, எங்க வாய்க்கால் வத்தி பக்கத்து வீட்டுக்குத் தண்ணி போச்சு. அந்தச் சத்தம் நின்னப்பதான் அதைக் காலைல இருந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன்னு தெரிஞ்சுது.

அப்புறம் அமா-லே ஒரு சாக்கு நிறைய ஆப்ரிகாட் கொட்டையக் கொண்டாந்து கொட்டி, ஒரு கல்லை என் கைல குடுத்துட்டாங்க. ரெண்டு மணி நேரம் உடைச்சேன். இனிப்புப் பருப்பு ஒரு தட்டுல, கசக்குறது தனியா, அது எண்ணெய்க்கு. முதல்ல விரல் நசுங்குச்சு, அப்புறம் கை பழகிருச்சு. 1,800 குடுத்து தங்கி வேலையும் பாக்குறேனேன்னு சிரிப்பு வந்துச்சு. மதியம் துக்பான்னு ஒரு சூப். தண்ணி அங்க 88 டிகிரிலயே கொதிச்சுரும், அதனால எல்லா வீட்லயும் குக்கர் விசில்தான், டீ கூட நாக்கு பொத்துற சூட்டுல கிடைக்காது. ஆனா அந்தத் துக்பா... தட்டைத் தட்டையா மாவு, முள்ளங்கி, கீரை, எலும்புச் சாறு, மூக்கு ஒழுக ஒழுக ரெண்டு கிண்ணம் குடிச்சேன். இந்த ட்ரிப்ல இதுக்கு மேல ஒரு சாப்பாடு சாப்பிடல.

மீதி நாலு நாள் நுப்ரா, பாங்காங், எல்லாரும் எழுதிட்டாங்க. கர்துங் லால போர்டுல போட்டிருக்குற உயரம் நிஜத்தைவிட ஜாஸ்தி, சரியா அளந்தா 17,582 அடிதானாம். அந்தப் பொய்யி போர்டு முன்னாடி போட்டோவுக்கு க்யூ, டிரைவர் 15 நிமிஷத்துல ஹாரன் அடிச்சுட்டாரு.

கிளம்பும்போது அமா-லே அரைக்கிலோ இனிப்புப் பருப்பு பொட்டலம் கட்டிக் குடுத்தாங்க, காசு வாங்கல. டெல்லில வந்து மச்சான் கை நீட்டுனான். ஸ்தூபி மேல போய் வாங்கிக்கடான்னுட்டேன்.